ஆங்கிலத்தின் தாளமும் நம் குரலும்

பாட்டுக்குத் தாளம் உண்டு. கும்மிக்கும் கோலாட்டத்துக்கும் தாளம் உண்டு. பேச்சுக்கும் தாளம் உண்டு என்பதை மட்டும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தாய்மொழியில் அது மூச்சு விடுவதைப் போலத் தானே நிகழ்வதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. வேற்றுமொழி ஒன்றைப் பேச வாய் திறக்கும்போதுதான் அதன் அருமை நமக்குத் தெரிகிறது.

முதல் வகுப்புத் தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு முடிய நாம் ஆங்கிலம் பயில்கிறோம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குகிறோம், நேர்கூற்றை அயற்கூற்றாக்குகிறோம், பக்கம் பக்கமாகக் கட்டுரையும் எழுதுகிறோம். ஆயினும் பள்ளியை விட்டு வெளியேறி, ஒரு நேர்முகத் தேர்விலோ தொலைபேசியிலோ புதியவர் ஒருவரிடம் நான்கு வாக்கியங்கள் பேசும்போது, அவர் "பார்டன்?" என்று கேட்டுவிட்டால் போதும்; நம் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. சொல்லும் சரி, இலக்கணமும் சரி. ஆனாலும் அவருக்கு விளங்கவில்லை. பல வேளைகளில் இதற்குக் காரணம் தாளம் தப்புவதே. இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்தபின் பெண்கள் பலர் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்பதில்லை. தெரிந்த விடையையும் சொல்வதில்லை. இந்த மௌனம் சிறிய இழப்பன்று. அறிவு இருந்தும் அவையில் இடம் இல்லாமற் போகின்ற இழப்பு அது.

இன்று ஆங்கிலப் பேச்சின் தாளத்தைப் பயிற்றுவிக்கப் பலவகைக் கருவிகள் வந்துள்ளன. அவற்றுள் சில, வீட்டில் இருக்கும் கைப்பேசியிலேயே அடங்கிவிடுகின்றன. இவற்றை நாம் வரவேற்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் எதற்காக வரவேற்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நம் சொல் பிறர்க்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே வரவேற்கிறோம். நாம் பிறராக மாறிவிட வேண்டும் என்பதற்காக அன்று. இந்த வேறுபாட்டை மறந்தால், நமக்குத் துணையாக வந்த கருவியே நம் வாயை அடைத்துவிடும்.

இரு மொழிகள், இரு நடைகள்

தமிழ், மாத்திரைக் கணக்கு அறிந்த மொழி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நாம் சிறு வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் அளவாகக் கொண்டு தொல்காப்பியர் வகுத்த கணக்கு அது. ஆதலின் தமிழ்ப் பேச்சில் ஒவ்வோர் அசையும் தனக்குரிய காலத்தைப் பெற்று, முத்துக் கோத்தாற்போல வரிசையாக நடக்கிறது.

ஆங்கிலத்தின் நடை வேறு. அது சில அசைகளை ஓங்கி நீட்டிச் சொல்லும். மற்றவற்றை விரைந்து விழுங்கிவிடும். "கேர்ள்ஸ் ஸிங் ஹிம்ஸ்" என்னும் வாக்கியத்தில் மூன்று அசைகள், மூன்றும் ஓங்கியவை. இதனையே "த கேர்ள்ஸ் ஆர் ஸிங்கிங் த ஹிம்ஸ்" என்றால் அசைகள் ஏழு. "த கேர்ள்ஸ் வில் ஹேவ் பின் ஸிங்கிங் த ஹிம்ஸ்" என்றால் ஒன்பது. ஆனால் மூன்று வாக்கியங்களிலும் ஓங்கும் இடங்கள் மூன்றே: கேர்ள்ஸ், ஸிங், ஹிம்ஸ். இடையில் வந்த சிறு சொற்கள் எல்லாம் நெரிசலான பேருந்தில் ஒண்டிக்கொண்டு நிற்கும் பயணிகளைப் போலச் சுருங்கி நிற்கின்றன. நாமோ ஒன்பது பேருக்கும் தனித்தனி இருக்கை கொடுத்து அமர வைக்கிறோம். கேட்பவர் திகைக்கிறார்.

இந்த வேற்றுமையை அறிஞர்கள் நெடுநாட்களாகவே பேசி வந்துள்ளனர். 1940-ஆம் ஆண்டில் ஆர்தர் லாயிட் ஜேம்ஸ் என்னும் ஆங்கில ஒலியியற் பேராசிரியர், ஒருவகை மொழிகளின் ஓசையை இயந்திரத் துப்பாக்கியின் ஓசைக்கும், ஆங்கிலம் போன்றவற்றின் ஓசையை மோர்ஸ் தந்தியின் ஓசைக்கும் ஒப்பிட்டார். முன்னது ஒரே சீராக ஒலிப்பது. பின்னது நெடிதும் குறிதுமாக ஒலிப்பது. 1945-இல் அமெரிக்க அறிஞர் கென்னத் பைக், முன்னதை அசைக் கால நடை என்றும் பின்னதை அழுத்தக் கால நடை என்றும் பெயரிட்டுப் பிரித்தார். பின்னாளில் கருவிகொண்டு அளந்தபோது, எந்த மொழியும் கடிகாரம்போல் சமமான இடைவெளியில் ஒலிப்பதில்லை என்பது தெரியவந்தது. 1982-இல் பீட்டர் ரோச் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு சான்று. அவர் அளந்த ஆறு மொழிகளில் நம் அண்டை மொழியாகிய தெலுங்கும் ஒன்று. எனினும் ஓங்கும் அசைக்கும் மங்கும் அசைக்கும் இடையே ஆங்கிலத்தில் உள்ள பெரிய ஏற்றத்தாழ்வு உண்மையானதே.

இந்த ஏற்றத்தாழ்வைக் கொண்டுதான் கேட்பவர் சொற்களைப் பிரித்தறிகிறார். பேச்சில் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதுவதில்லை அல்லவா? 1987-இல் ஆன் கட்லர், டேவிட் கார்ட்டர் என்னும் இருவர் ஆங்கிலப் பேச்சை ஆராய்ந்து, பொருளுள்ள சொற்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது ஓங்கிய அசையில் தொடங்குவதாகக் கண்டனர். ஆகவே ஓங்கும் ஓசை கேட்டதும், "இங்கே புதுச்சொல் ஒன்று பிறக்கிறது" என்று ஆங்கிலேயரின் காது எண்ணிக்கொள்கிறது. நாம் எல்லா அசைகளையும் ஒரே அளவாக ஒலித்தாலும், ஓங்க வேண்டிய இடத்தை மாற்றி ஒலித்தாலும், அவர் இல்லாத இடத்தில் சொல்லைத் தேடுகிறார். "டெவலப்" என்பதில் நாம் முதல் அசையை ஓங்குகிறோம். அவர்கள் இரண்டாவதை ஓங்குகிறார்கள். "ஹோட்டல்" என்பதிலும் அப்படியே. "போட்டோகிராஃப்" என்பதில் முதல் அசை ஓங்கும். "போட்டோகிராஃபர்" என்றதும் ஓக்கம் இரண்டாவதற்குத் தாவும். "போட்டோகிராஃபிக்" என்றால் மூன்றாவதற்குப் போய்விடும். "ரெக்கார்டு" என்னும் ஒரே சொல், முன்னே ஓங்கினால் பெயர். பின்னே ஓங்கினால் வினை!

இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஓசையைக் குறுக்குவது நமக்குப் புதிதன்று. "நாடு", "பாக்கு" என்னும் சொற்களின் ஈற்று உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்கிறோம். "தலைவன்" என்பதன் நடுவே ஐகாரம் குறுகுவதை ஐகாரக் குறுக்கம் என்கிறோம். ஆங்கிலேயர் சிறு சொற்களின் உயிரை மங்கச் செய்து, வாயை அதிகம் திறக்காமல் ஒலிக்கும் ஒலியை ஒலியியலார் "ஷ்வா" என்பர். குற்றியலுகரத்தைக் கூறத் தெரிந்த நாவுக்கு ஷ்வா எட்டாத கனி அன்று.

வாக்கியத்தில் எந்தச் சொல்லை ஓங்குவது என்பதும் இவ்வாறே. "நான்தான் மேரியிடம் சொன்னேன்" என்பதும் "மேரியிடம்தான் சொன்னேன்" என்பதும் பொருளால் வேறு. நாம் "தான்" என்னும் இடைச்சொல்லை நகர்த்தி இந்த வேறுபாட்டைக் காட்டுகிறோம். ஆங்கிலேயர் "ஐ டோல்டு மேரி" என்னும் மூன்று சொற்களையும் மாற்றாமல், குரலின் ஓக்கத்தை மட்டும் நகர்த்திக் காட்டுகிறார்கள். நம் "தான்" எங்கே நிற்குமோ அங்கே அவர்கள் குரல் ஓங்கும். இந்த ஒரு குறிப்பை மனத்திற் கொண்டாலே பாதிக் கடலைக் கடந்துவிடலாம்.

கருவிகள் வந்த வழி

காதால் கேட்டுப் பழகாமல் தாளம் வராது. ஆனால் கேட்பதற்கு நல்ல குரல் வேண்டுமே! அது எல்லா ஊரிலும் கிடைப்பதன்று. இந்தக் குறையை நீக்கவே பொறிகள் பிறந்தன எனலாம்.

தாமஸ் எடிசன் 1877-ஆம் ஆண்டு ஒலிவரைவியைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அதன் பயன்களை அவர் பட்டியலிட்டு எழுதியபோது, பேச்சுக்கலை பயிற்றுவித்தலையும் மொழிகளின் உச்சரிப்பைப் பாதுகாத்தலையும் அதில் சேர்த்தார். இசைக்கு மட்டுமே உரியது என்று நாம் நினைக்கும் பெட்டி, தொடக்கத்திலேயே ஆசிரியராகவும் எண்ணப்பட்டது என்பது வியப்புக்குரியது. 1901-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட லிங்குவாபோன் நிறுவனம் இசைத்தட்டுகளின் வழியே மொழி கற்பித்தது. 1943-இல் பி.பி.சி. வானொலி ஆங்கிலப் பாடங்களை ஒலிபரப்பத் தொடங்கியது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறு ஒலிநாடாப் பேழையை வெளியிட்டபின், மாணவர் பிறர் குரலைக் கேட்பதோடு தம் குரலையும் எளிதாகப் பதிந்து கேட்கும் வசதி பெற்றனர். தன் முகத்தைப் பார்க்கக் கண்ணாடி இருந்தது போலத் தன் குரலைக் கேட்க ஒரு கண்ணாடி கிடைத்தது.

1978-இல் கரோலின் கிரகாம் என்னும் அமெரிக்க ஆசிரியை "ஜாஸ் சாண்ட்ஸ்" என்னும் நூலை வெளியிட்டார். அன்றாட ஆங்கில வாக்கியங்களை ஜாஸ் இசையின் தாளத்தில் வைத்து, வகுப்பே சேர்ந்து சொல்லும்படி அவர் அமைத்தார். கும்மியடித்துப் பழகிய நமக்கு இம்முறையின் நயம் எளிதில் விளங்கும்.

அடுத்து, காதுக்குத் துணையாகக் கண் வந்தது. குரலின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவிகள் செய்யப்பட்டன. 1983-இல் நெதர்லாந்து அறிஞர் கீஸ் தெ பொட் வெளியிட்ட ஆய்வில், தம் குரலின் கோட்டைக் கண்ணால் பார்த்தும் பயின்ற மாணவர்கள், காதால் மட்டும் கேட்டுப் பயின்றவர்களைவிட நன்கு தேறினர். அன்று அத்தகைய கருவி ஆய்வுக்கூடங்களுக்கே உரியதாயிருந்தது. இன்றோ, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுல் புர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகியோர் ஆக்கிய "ப்ராட்" என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெற்றுக் கணினியில் தம் குரலை வரைந்து பார்க்கலாம்.

கடைசியாக, பேசினால் பிழை சொல்லும் பொறிகள் வந்துள்ளன. வியட்நாமைச் சேர்ந்த வூ வான் என்னும் பெண்மணி மற்றொருவருடன் சேர்ந்து 2015-இல் தொடங்கிய "எல்சா" என்னும் செயலி அவற்றுள் ஒன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆசியப் பெண் ஒருவர் இதற்கு முன்வந்தார் என்பது நம் மாணவியர் மனத்தில் பதிய வேண்டிய செய்தி.

பயிலும் முறை

கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும் முறையறியாமல் பயன்படுத்தினால் பயனில்லை. நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதும். விலையுயர்ந்த செயலியும் வேண்டியதில்லை. ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி ஒன்றே போதும்.

முதலில், தெளிவாகப் பேசும் ஒருவரின் பேச்சில் அரை நிமிட அளவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதை எழுத்தில் பாராமல் மூன்று முறை கேட்க வேண்டும். எங்கெல்லாம் குரல் ஓங்குகிறதோ அங்கெல்லாம் மேசையில் விரலால் தட்ட வேண்டும். விரைவாகத் தோன்றினால் முக்கால் வேகத்துக்குக் குறைத்துக் கேட்கலாம். நெடிதும் குறிதுமான விகிதம் அதனால் கெடுவதில்லை.

அடுத்து, சொற்களை விட்டுவிட்டு ஓசையை மட்டும் முணுமுணுக்க வேண்டும். இதற்கு நம் முன்னோர் வழி ஒன்று உண்டு, அதுவே சந்தம். மெட்டுக்குப் பாட்டெழுதும் கவிஞர்கள் முதலில் "தன்னன்னா" என்று ஓசையைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதில் சொற்களைப் பொருத்துகிறார்கள். "த கேர்ள்ஸ் ஆர் ஸிங்கிங் த ஹிம்ஸ்" என்பதை "த தாம் த தாம்த த தாம்" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு சொற்களை இட்டால், அவை தாமாகவே தம் இடத்தில் அமர்ந்துகொள்ளும். ஆங்கில வாக்கியத்துக்குச் சந்தம் கட்டிப் பழகும் மாணவிக்கு அயலார் எவரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவதாக, ஒலிக்கும் குரலோடு ஒட்டி, ஒரு சொல் பின்னால் நிழல்போல் தொடர்ந்து பேச வேண்டும். 1953-இல் காலின் செர்ரி என்னும் அறிஞர் கவனத்தைப் பற்றி ஆராயும்போது கையாண்ட முறை இது. பின்னாளில் மொழிபெயர்ப்புப் பேச்சாளர்களுக்கும் மொழி மாணவர்களுக்கும் பயிற்சியாயிற்று. நான்காவதாக, தம் குரலைப் பதிந்து, மூலக்குரலையும் தம் குரலையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். தம் குரலைத் தாமே கேட்க முதலில் நாணமாகவே இருக்கும். நான்கு நாட்களில் அந்த நாணம் போய்விடும், காது கூர்மையாகும்.

ஐந்தாவது படிதான் முதன்மையானது. பயின்ற தாளத்தில் நம் சொந்த வாக்கியம் ஒன்றைத் தோழி ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். அவள் அதைக் கேட்டு, தனக்கு விளங்கியதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பொறியோடு மட்டும் பேசிப் பழகியவள் பொறியோடு மட்டுமே பேசுவாள். வள்ளுவர் சொல்வன்மையை 65-ஆம் அதிகாரத்தில் வைத்தார். கேள்வியையோ அதற்கு முன்னே, 42-ஆம் அதிகாரத்திலேயே வைத்துவிட்டார். நல்ல கேள்வியின்றி நல்ல சொல் பிறவாது என்று நாம் அதைப் பொருள்கொள்ளலாம் அன்றோ!

பொறியின் காதும் பழக்கப்பட்ட காதே

இனி, எச்சரிக்கைகளையும் கூற வேண்டும்.

பேசியவுடன் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும் செயலிகள் உள்ளன. அந்த எண்ணைக் கண்டு சிலர் துள்ளுகிறார்கள்; சிலர் துவண்டு போகிறார்கள். இரண்டும் வேண்டியதில்லை. பொறி தானாக எதையும் அறிவதில்லை. யாருடைய குரல்களைக் கேட்டு அது பழகியதோ, அவர்களுடைய பேச்சே அதற்கு எளிதில் விளங்கும். 2020-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் பொறிகளைச் சோதித்தனர். வெள்ளை அமெரிக்கர் பேசியபோது பொறிகள் நூறு சொற்களுக்கு ஏறத்தாழ 19 சொற்களைப் பிழையாகக் கேட்டன. கறுப்பின அமெரிக்கர் பேசியபோது ஏறத்தாழ 35 சொற்களைப் பிழையாகக் கேட்டன. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசும் மக்களுக்கே இந்த நிலை என்றால், பொறி நமக்குத் தரும் மதிப்பெண்ணை நம் தகுதியின் அளவாகக் கொள்ளலாமா? அது நமக்கு ஒரு குறிப்பு, தீர்ப்பன்று.

மேலும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. 1995-இல் கனடா நாட்டு ஆய்வாளர்களாகிய மர்ரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும், அயல் சாயல் மிகுந்த பேச்சும் முழுமையாக விளங்கக்கூடும் என்று காட்டினர். சாயல் வேறு, விளக்கம் வேறு. 2000-ஆம் ஆண்டில் ஜெனிபர் ஜெங்கின்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர், உலகில் பல நாட்டாரும் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது, வாக்கியத்தில் முதன்மைச் சொல்லைச் சரியாக ஓங்குவது இன்றியமையாதது என்றும், ஆங்கிலேயரைப் போலச் சிறு சொற்களை மங்கச் செய்வது அத்துணை இன்றியமையாதது அன்று என்றும் எழுதினார். ஆகவே எதை முதலில் பயில்வது என்பது தெளிவாகிறது. சொல்லில் ஓங்கும் அசை, வாக்கியத்தில் ஓங்கும் சொல், பொருளுக்கேற்ப நிறுத்தம் ஆகிய மூன்றும் முதலில் வேண்டும். மற்றவை மெல்ல வரட்டும். வாராமற்போனாலும் குடி முழுகிவிடாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பல செயலிகள் பிள்ளைகளின் குரலைத் தொலைவிலுள்ள கணினிகளுக்கு அனுப்பிவைக்கின்றன. குரலும் கைநாட்டைப் போல ஒருவரை அடையாளம் காட்டக்கூடியது. 2023-இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆதலின் எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்பதைப் படித்தறிந்து தருதல் நன்று. கைப்பேசியிலேயே பதிந்து, கேட்டபின் அழித்துவிடும் எளிய முறையில் இந்தக் கவலைக்கே இடமில்லை.

யோர்தான் துறையும் பெந்தகோஸ்து நாளும்

இவை எல்லாவற்றையும்விட ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. உச்சரிப்பு ஒரு பாலமாக இருக்கப்போகிறதா, அல்லது ஒரு வாயிற்காவலாக இருக்கப்போகிறதா?

நீதித் தலைவர்கள் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் உள்ள துயர நிகழ்ச்சியை நாம் அறிவோம். போரில் தோற்ற எப்ராயிம் மக்கள் யோர்தான் ஆற்றைக் கடந்து வீடு திரும்ப முயன்றனர். துறையில் நின்ற கிலயாதியர் அவர்களை "ஷிபொலேத்து" என்னும் ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். முதல் ஒலியைச் சொல்ல வராமல் "சிபொலேத்து" என்றவர்கள் அங்கேயே வெட்டப்பட்டனர். அவ்வாறு மாண்டவர்கள் 42,000 பேர் என்று அந்நூல் கூறுகிறது. ஓர் ஒலி உயிரைக் குடித்தது! இன்று யாரும் யாரையும் வெட்டுவதில்லை. ஆயினும் ஒருத்தியின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும்போதும், அதற்காகவே அவள் விண்ணப்பத்தை ஒதுக்கும்போதும், நாம் அந்தத் துறையில்தான் நிற்கிறோம்.

பாடுகளின் இரவில், தலைமைக் குருவின் முற்றத்தில், பேச்சே ஒருவரைக் காட்டிக்கொடுத்தது என்று மத்தேயு நற்செய்தி கூறுகிறது. அவர் பேதுரு, நம் முன்னோர் வழக்கில் இராயப்பர். கலிலேயச் சாயலோடு பேசிய அந்த மீனவரைத்தான் ஆண்டவர் தம் திருச்சபைக்குப் பாறையாக்கினார். பெந்தகோஸ்து நாளில் அவரும் மற்றத் திருத்தூதர்களும் பேசியபோது, பல நாட்டாரும் அவரவர் மொழியில் கேட்டு வியந்தார்கள். இவர்கள் கலிலேயர் அல்லவா என்றும் வியந்தார்கள். திருத்தூதர்களின் சாயல் அன்றும் மறையவில்லை. ஆனால் செய்தி எல்லாருக்கும் விளங்கியது. நாம் வேண்டுவதும் இதுவே.

அண்மைக் காலத்தில் இதற்கு மாறான வழி ஒன்றும் திறந்திருக்கிறது. பேசுபவரின் சாயலைப் பேசும் அக்கணமே வேறாக்கிக் கேட்பவருக்கு அனுப்பும் "ஸனாஸ்" என்னும் தொழில்நுட்பத்தைத் தம் இந்தியப் பணியாளர்களுக்குப் பயன்படுத்துவதாக டெலிபெர்ஃபார்மன்ஸ் என்னும் பெருநிறுவனம் 2025-இல் அறிவித்தது. இதனால் ஏச்சு குறையும், வேலை எளிதாகும் என்பர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் நாவில் ஒன்றும் கூடவில்லை. கேட்பவரின் காதிலும் பொறுமை கூடவில்லை. பொறியை நீக்கினால் இருவரும் பழைய இடத்திலேயே நிற்பார்கள். பயிற்றும் பொறி நம்மிடம் ஒரு திறனை விட்டுச் செல்கிறது. மறைக்கும் பொறி ஒன்றையும் விட்டுச் செல்வதில்லை. முன்னதையே நாம் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பெர்னார்டு ஷாவின் "பிக்மேலியன்" நாடகம் 1913-இல் முதன்முதல் அரங்கேறியது. பூ விற்கும் ஏழைப்பெண் எலிசாவுக்கு ஒலியியற் பேராசிரியர் ஹிக்கின்ஸ் உயர்குடிப் பேச்சைப் பழக்குகிறார். அவருடைய அறையில் ஒலிவரைவியும் பிற கருவிகளும் இருக்கின்றன. அவளும் பேசத் தேறிவிடுகிறாள். ஆனால் தனக்குத் தன்மதிப்பு எங்கே பிறந்தது என்பதை அவளே சொல்லும்போது, கருவிகளையும் பாடங்களையும் அவள் குறிப்பிடவில்லை. முதல் நாளன்றே கர்னல் பிக்கரிங் தன்னை மரியாதையோடு "மிஸ் டூலிட்டில்" என்று அழைத்ததைக் குறிப்பிடுகிறாள். தாளத்தைப் பொறி தரலாம். துணிவை மனிதரே தர முடியும். 2025 சனவரியில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி வத்திக்கான் வெளியிட்ட "ஆன்டிகுவா எத் நோவா" என்னும் ஏடும், ஆசிரியர் நேரில் இருப்பதால் உண்டாகும் உறவைப் பொறியால் உண்டாக்க முடியாது என்றே நினைவூட்டுகிறது.

நாம் வேண்டுவன

ஆகவே நம் பள்ளியிலும் நம்மைப் போன்ற பிற பள்ளிகளிலும் சில செயல்கள் நடைபெற வேண்டும் என்று விரும்புகிறோம்.

ஆங்கிலப் பேச்சுத் தாளப் பயிற்சிக்கு வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒதுக்கப்பட வேண்டும். வீட்டில் கைப்பேசியோ கணினியோ இல்லாத மாணவிக்கும், தமிழ்வழியில் பயிலும் மாணவிக்கும் அதில் முதலிடம் கிடைக்க வேண்டும். வசதியுள்ளவள் வீட்டிலும் பயின்றுகொள்வாள். இவளுக்குப் பள்ளியே கதி. பயிற்சிக்குப் பொறி தரும் எண்ணை மதிப்பெண் பட்டியலில் ஏற்றக் கூடாது. இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் பேச ஒருவர் கேட்கும் வழக்கம் வேண்டும். பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவளின் குரல் பிசகினால் நாம் சிரிப்பதில்லை; அடுத்த அடியில் சற்று உரக்கப் பாடி அவளைத் தாங்கிக்கொள்கிறோம். பேச்சிலும் அதே அன்பு வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். "ஆங்கிலேயரைப் போலப் பேசுகிறாளா?" என்று கேட்காதீர்கள், "தயங்காமல் பேசுகிறாளா, பிறர்க்கு விளங்குகிறதா?" என்று கேளுங்கள். வீட்டில் அவளோடு தமிழிலே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், பாட்டியின் பேச்சைக் கேட்கச் செய்யுங்கள். பிறந்து சில நாட்களே ஆன பிரெஞ்சுக் குழந்தைகள்கூட ஆங்கிலத்தையும் ஜப்பானிய மொழியையும் தாளத்தைக் கொண்டே வேறுபடுத்தி அறிவதாக 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தாளமே மனிதர் முதன்முதல் அறியும் மொழிக்கூறு எனலாம். தாய்மொழியின் தாளத்தில் ஊறிய காது, இன்னொரு தாளத்தையும் அஞ்சாமல் ஏற்கும்.

தோழியரே! வீணை கற்பவள் தன் மிடற்றை இழப்பதில்லை. கோலாட்டம் ஆடக் கற்றவள் கும்மியை மறப்பதில்லை. ஆங்கிலத்தின் தாளத்தையும் நாம் இவ்வாறே கற்போம். கருவிகளைக் கைக்கொள்வோம், காதைத் தீட்டுவோம், நாவைப் பழக்குவோம். "பார்டன்?" என்று ஒருவர் கேட்டால் தலைகுனியாமல், ஓங்க வேண்டிய சொல்லை ஓங்கி, மீண்டும் ஒருமுறை சொல்லுவோம். நம்மிடம் ஒருத்தி தடுமாறிப் பேசும்போது, அவள் முடிக்கும்வரை பொறுத்துக் கேட்போம். பேசும் வரத்தையும் கேட்கும் வரத்தையும் இறைவன் நம் எல்லாருக்கும் நிறைவாக அருள்வாராக!